பின் இறக்கையில் தனிப் புள்ளி

அம்மா ஸ்டூல் மேல் நின்றிருந்தாள். மகள் கீழே நின்று ஜன்னல் திரையின் கொக்கிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். துவைத்த துணி இன்னும் ஈரம். காயும் வரை பொறுத்திருக்க அம்மாவால் ஆகாது. மாட்டினால் தானாகக் காயும் என்பது அவள் கட்சி.

"இறங்கும்மா, நான் ஏறிக்கறேன்."

"நீ ஏறினா ஸ்டூல் இறங்கிடும். கொக்கியைக் குடு."

பாதித் திரை ஏறியதும் அம்மா சுவரைப் பார்த்தபடியே சொன்னாள்: "உங்க அத்தை வீட்டுக்கு ஒரு நடை போகணும்."

மகள் கொக்கியை நீட்டிய கையை அப்படியே வைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் அந்தப் பேச்சு வந்து வருஷக்கணக்கு ஆகியிருந்தது.

"எந்த அத்தை?"

"உனக்கு என்ன ஒரு டஜன் அத்தையா? இருக்கிறது ஒருத்தி. அந்தப் பூச்சி விஷயம். அவ சொன்னதுதான் சரி. அது மொட்டை இல்லை. கோட்டுத் தாவியோட பொம்பளை. நான்தான் தப்பு."

"எப்படித் தெரிஞ்சுது?"

"பழைய போட்டோவை எல்லாம் ஒழிச்சுக்கிட்டிருந்தேன். தெரிஞ்சுபோச்சு. கொக்கி."

"போன்ல சொல்லிடேன்."

"போன்ல சொன்னா 'ஹலோ, ஹலோ, கேக்கலை'ன்னு வெச்சிடுவா. நேர்ல போய், கூட்டத்துக்கு வான்னு கூப்பிடணும். அத்தனை பேர் முன்னாடி அவளை மட்டம் தட்டினேன். அத்தனை பேர் முன்னாடிதான் அதை வாபஸ் வாங்கணும். கூப்பிடாம வர மாட்டா. திமிர் பிடிச்சவ."

"நீ?"

"நானும்தான். அதான் இத்தனை நாள்."

மகள் சிரித்தாள். மறுநாள் ஒரு தானியக் கிடங்கின் எடைமேடையைச் சோதிக்க வேண்டியிருந்தது. மனசு பாதி அங்கே இருந்தது. "சரிம்மா, போயிட்டு வா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். கண்ணுல ஏதாவது கோளாறா, டாக்டரைப் பார்க்கலாமா என்று ஒப்புக்குக் கேட்டும் வைத்தாள்.

"கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு. பார்க்கலை" என்று சொல்லிவிட்டு அம்மா இறங்கினாள். திரை ஒரு பக்கம் தூக்கியிருந்தது. அதை யாரும் சரி செய்யவில்லை.

அந்த வாரம்கூட முடியவில்லை. மருந்துக் கடை வரிசையில் நின்றிருந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்திருக்கவில்லை. வாழ்நாளில் அம்மா ஒரு வரிசையில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அவளைப் பற்றி யார் பேசினாலும் முதலில் சொல்வது அதைத்தான்: உட்காரமாட்டாள். சாப்பாட்டு நடுவில் எழுந்து போய் வேறு ஏதாவது வேலையை முடித்துவிட்டு வருவாள். சினிமாவுக்குப் போனால் இடைவேளையில் வீட்டுக்கு வந்துவிடுவாள், மீதிக் கதையை அப்பா வந்து சொல்ல வேண்டும். அப்பாவும் ஒரு நாள் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். அதன் பிறகு அம்மா சினிமாவுக்கே போகவில்லை.

ஆனால் சம்பளம் வாங்கியது உட்கார்ந்து பார்க்கும் வேலைக்கு. வங்கியில் கையெழுத்து ஒப்பிடுவது. காசோலையில் இருக்கும் கையெழுத்தும் கோப்பில் இருக்கும் கையெழுத்தும் ஒரே கைதானா என்று சொல்ல வேண்டும். அவளுக்கென்று ஒரு முறை இருந்தது. இரண்டையும் தலைகீழாகத் திருப்பி வைப்பாள். "நேரா வெச்சா பேரைப் படிச்சிடுவோம். படிச்சா நம்பிடுவோம்" என்பாள். பிறகு கோடு கோடாகப் போவாள். எங்கே தொடங்குகிறது, எங்கே அழுத்துகிறது, கடைசிச் சுழி மேலே போகிறதா கீழேயா. ஒரு கோடு குறைந்தால் வேறு கை. அதற்கு மேல் பேச்சுக் கிடையாது.

வங்கியில் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். மேலாளருக்கு ஒருமுறை மணிக்கட்டுச் சுளுக்கு. அவர் போட்ட கையெழுத்தில் அடிக்கோடு விட்டுப்போயிருந்தது. அம்மா அவருடைய சொந்தக் காசோலையை அவர் மேஜைக்கே திருப்பி அனுப்பினாள். "என்னம்மா, என்னையே தெரியலையா?" என்று அவர் கேட்டதற்கு, "உங்களைத் தெரியுது சார். இவரைத்தான் தெரியலை. சுளுக்கு விட்டதும் வந்து போடச் சொல்லுங்க" என்றாளாம். வேலையை விட்டு வந்த நாளில் அந்த மேலாளர் பேசும்போது இதைத்தான் சொன்னார். சொல்லும்போது அவர் முழுதாகச் சிரிக்கவில்லை.

வேலை முடிந்த பிறகு டாக்டர் நடக்கச் சொன்னார். துணைக்கு அத்தை வந்தாள். அத்தை அப்பாவின் தங்கை, பஸ் கண்டக்டராக இருந்தவள். பஸ் நின்றும் அவள் குரல் நிற்கவில்லை. நீரேற்று நிலையத்துக்குப் பின்னால் ஒரு புல்சரிவு உண்டு. அடியில் பெரிய குழாய்கள் போவதால் அங்கே யாரும் வீடு கட்ட முடியாது. குழாய் மேடு என்பார்கள். இரண்டு பேரும் தினமும் காலையில் அங்கே போனார்கள். நாத்தனார்களுக்குள் பேச எத்தனையோ இருந்தும் இவர்கள் பேசியது பூச்சியைப் பற்றி.

எப்படித் தொடங்கியது என்று யாருக்கும் தெரியாது. ஒரு நாள் அம்மா கேமரா வாங்கி வந்தாள். பெரிய, பளபளவென்ற வண்ணத்துப்பூச்சிகளை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அதெல்லாம் கடை போர்டு மாதிரி, தூரத்துல இருந்தே படிச்சிடலாம்" என்றாள். அவளுக்குப் பிடித்தது தாவிகள் என்ற சின்ன வண்ணத்துப்பூச்சிகள். பழுப்பு நிறம், கட்டைவிரல் நகத்தளவு, தடித்த உடம்பு, பெரிய கண். பார்க்கிறவர்கள் அந்துப்பூச்சி என்று நினைத்துத் தட்டிவிடுவார்கள். ஒரு புல்நுனியில் உட்காரும், கண் இமைப்பதற்குள் அடுத்ததில் இருக்கும். உட்காரவே உட்காராத அம்மா அதற்காக மணிக்கணக்கில் மண்டியிட்டாள்.

"பாரு, அண்ணி இப்போதான் சொந்தக்காரங்களைக் கண்டுபிடிச்சிருக்கா" என்றாள் அத்தை.

தாவிகளில் சிக்கலே, எல்லாம் ஒன்றுபோல் இருப்பதுதான். குழாய் மேட்டில் எப்போதும் கிடைப்பது ஒன்று. ஆணின் முன் இறக்கையின் மேல்பக்கத்தில் ஒரு சாய்ந்த வெளிறிய கோடு இருக்கும், பென்சிலால் கீறியதுபோல. அதனால் வீட்டில் அதற்குக் கோட்டுத் தாவி என்று பெயர் வைத்தார்கள். அதே நிறம், அதே அளவு, அதே வெள்ளைப் புள்ளிகளோடு, அந்தக் கோடு மட்டும் இல்லாத இன்னொரு இனம் உண்டு. அதற்கு மொட்டைத் தாவி என்று வைத்தார்கள். அந்த ஊரில் யாரும் அதைப் பார்த்ததில்லை. புத்தகத்தில் நீளமான பெயர்கள் இருந்தன, அவை எழுதும்போது மட்டும்; பேச்சில், கூட்டத்திலும், இந்தப் பெயர்களே ஒட்டிக்கொண்டன.

கூட்டம் நடந்தது நூலகத்தின் மாடியில். அங்கே பூச்சிகளுக்காக ஒரு சின்னக் காட்சிக்கூடம் இருந்தது. மாதம் ஒருமுறை ஆர்வம் உள்ளவர்கள் கூடுவார்கள். பொறுப்பில் இருந்த காப்பாளர் நல்ல மனுஷன், யார் சத்தம் போட்டாலும் அவர்தான் மன்னிப்புக் கேட்பார். ஒரு கூட்டத்தில் அம்மா இரண்டு படங்களைத் திரையில் காட்டினாள். முதலாவது மேலிருந்து எடுத்தது: முன் இறக்கையில் கோடு இல்லை. இரண்டாவது, இறக்கையை மூடி உட்கார்ந்திருந்தபோது பக்கவாட்டில் எடுத்தது. ஒரு புல்லின் நிழல் குறுக்கே விழுந்திருந்தது. அம்மா அமைதியாகச் சொன்னாள்: "கோடு இல்லை. ஆக, இது வேற."

வங்கியில் அந்த விதி ஒருமுறையும் அவளைக் கைவிட்டதில்லை. ஆனால் பூச்சி கையெழுத்து அல்ல. கோட்டுத் தாவியில் கோடு ஆணுக்கு மட்டும்தான். பெண்ணுக்குக் கிடையாது. ஒரு கோடு குறைந்தால் வேறு இனமாக இருக்கலாம், அதே இனத்தின் பெண்ணாகவும் இருக்கலாம். எது என்று தீர்க்க இறக்கையின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். பின் இறக்கையில் வளைவாக ஒரு வரிசைப் புள்ளிகள் இரண்டு இனத்துக்கும் உண்டு. அந்த வரிசையை விட்டு விலகி, உடம்பை ஒட்டிய பக்கமாக, ஒரே ஒரு தனிப் புள்ளி இருந்தால் அது கோட்டுத் தாவி. ஆணோ பெண்ணோ, அந்தப் புள்ளி இருக்கும். மொட்டைக்கு இருக்காது.

அத்தை பின்வரிசையிலிருந்து எழுந்தாள். அவள் பத்துக்கு ஏழு தப்பாகச் சொல்கிறவள், அது எல்லாருக்கும் தெரியும். "அண்ணி, அந்த நிழலுக்குள்ள ஒரு தனிப் புள்ளி இருக்கிற மாதிரி இருக்கே? பொம்பளையா இருக்கப்போவுது" என்றாள்.

அம்மா திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. "அது தூசி. டிக்கெட் கிழிக்கிற கண்ணுக்கு எல்லாமே புள்ளியாத்தான் தெரியும்" என்றாள்.

கூடம் சிரித்தது. அத்தையும் கொஞ்சம் சிரித்தாள். பிறகு பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் காலை நடைக்கு வரவில்லை, அதற்கு மறுநாளும் வரவில்லை. அப்பா இருந்திருந்தால் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்கியிருப்பார். இல்லை. இரண்டு படங்களும் சட்டம் போட்டு நூலக மாடிச் சுவரில் ஏறின. கீழே ஒரு சீட்டு: இனத்தின் நீளப் பெயர், இந்த ஊரில் முதல் முறை, அம்மாவின் பெயர். அம்மாவின் பெயர் அச்சில் வந்தது அந்த ஒரு இடத்தில்தான்.

அடக்கத்தன்று அத்தை வந்தாள். வாசலோடு நின்று மகளின் கையைப் பிடித்தாள், போய்விட்டாள். அம்மா சொன்னதை மகள் அவளிடம் சொல்லவில்லை. அன்று சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

பிறகு காப்பாளர் போன் செய்தார். "தப்பா எடுத்துக்காதீங்க, தொந்தரவு பண்றதுக்கு மன்னிக்கணும். இந்த மாசக் கூட்டத்தை அம்மா நினைவா வெச்சிருக்கோம். இந்த ஊர் வண்ணத்துப்பூச்சிகளைப் பத்தி ஒரு சின்னப் புத்தகம் போடறோம். அட்டையில அம்மாவோட மொட்டைத் தாவி. அம்மா பேரு உள்ளே முதல் பக்கத்துல."

"நல்லதுங்க" என்றாள் மகள்.

போனை வைத்த பிறகு அவளால் உட்கார முடியவில்லை. சமையலறைக்குப் போனாள். எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். தண்ணீர் பிடித்தாள், குடிக்காமல் வைத்தாள். மாடிக்கு ஏறினாள், இறங்கினாள். அம்மா இப்படித்தான் வீட்டைச் சுற்றுவாள். அப்போது அது எரிச்சலாக இருக்கும்.

ஒரு பக்கம் கணக்குச் சுலபமாக இருந்தது. அம்மா தப்பு என்று ஒத்துக்கொண்டது மகள் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயைத் திறக்காமல் இருந்தால் அட்டையில் படம் வரும், முதல் பக்கத்தில் பெயர் வரும். ஒரு பழுப்புப் பூச்சிக்கு எந்தப் பெயர் இருந்தால் யாருக்கு நஷ்டம்? செத்துப்போனவளுக்கு மிஞ்சிய ஒரே மரியாதையை, பெற்ற மகளே போய்ப் பிடுங்குவாளா?

இன்னொரு பக்கம் அவள் பிழைப்பே தராசுகளைச் சரிபார்ப்பது. அந்த வாரம் ஒரு எடைமேடையில் லாரி ஏறும்போது முள் நூலிழை தள்ளி நின்றது. "இவ்வளவுதானே மேடம், விட்டுடுங்க, யாரு பார்க்கப்போறா" என்றார் கிடங்குக்காரர். அவள் விடவில்லை. முத்திரை வைக்க மறுத்துவிட்டு வந்தாள்.

அம்மாவின் கணினியைத் திறந்தாள். அந்தத் தாவியை எடுத்த காலையின் படங்கள் அழிக்கப்படாமல் தனியாக இருந்தன. கூட்டத்தில் காட்டியவை இரண்டுதான். மீதி எல்லாம் மங்கல், பாதிப் புல், வெறும் வானம். நடுவில் ஒன்று தெளிவாக இருந்தது. பூச்சி தண்டில் திரும்பி உட்கார்ந்திருந்தது, இப்போது மறுபக்கம் தெரிந்தது. அந்தப் பக்கத்தில் நிழல் இல்லை. வளைவான புள்ளி வரிசை, அதை விட்டு விலகி ஒரு தனிப் புள்ளி.

நிழல் விழுந்த படத்தையும் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கினாள். அதே இடம், அதே தூரம், எதிர்ப்பக்க இறக்கையில். தூசி இரண்டு இறக்கையிலும் ஒரே இடத்தில் போய் உட்காராது. கையெழுத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்க்கிற அம்மா, பூச்சி தானாகவே திரும்பிக் காட்டியும் அன்று பார்க்கவில்லை. கோடு இல்லை என்றதுமே அவள் கோப்பை மூடிவிட்டாள்.

அத்தை மூன்றாம் மாடியில் இருந்தாள். கதவைத் திறந்து, மகளை மேலும் கீழும் பார்த்து, "சாப்பிடறியா இல்லையா? கழுத்தெலும்புல துணி காயப்போடலாம் போலிருக்கு" என்றாள். உள்ளே துணி துவைக்கும் இயந்திரம் தட தடவென்று நடந்துகொண்டிருந்தது. அதன் மேல் ஒரு கையை வைத்து அழுத்தியபடியே பேசினாள். விட்டால் அது நகர்ந்து கதவுக்கு வந்துவிடுமாம்.

மகள் கொண்டுவந்த இரண்டு படங்களையும் நீட்டினாள். அத்தை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு மூக்குக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இயந்திரம் ஒரு சாண் நகர்ந்தது.

"அண்ணி சொல்லி அனுப்பினாளா?"

"இல்லை அத்தை. அவங்களே வர்றதா இருந்தாங்க. உங்களைக் கூட்டத்துக்குக் கூப்பிட்டு, எல்லார் முன்னாடியும் சொல்லணும்னாங்க."

"எப்போ சொன்னா?"

"திரை மாட்டும்போது. ஸ்டூல் மேல நின்னுக்கிட்டு."

"ஸ்டூல் மேலயா? கீழ இறங்கினதும் மறந்திருப்பா." அத்தை சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. அழுகை வருமுன் முந்திக்கொண்டு இயந்திரத்தை ஒரு அடி அடித்தாள். "எத்தனை காலை இந்தப் பால்கனியில நின்னு பார்த்திருக்கேன் தெரியுமா? தெரு முனையில அந்த ஓட்ட நடை வருதான்னு. வந்தா கதவைத் திறக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணி வெச்சிருந்தேன். வந்தாத்தானே."

மகள் காப்பாளர் போன் செய்ததைச் சொன்னாள். அட்டைப் படத்தையும் சொன்னாள்.

அத்தை கையைத் துடைத்துக்கொண்டாள். "அப்போ வாயை மூடிக்கிட்டு இரு."

"அத்தை, அது தப்பான பேரு."

"இருக்கட்டும். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். போதும். எங்க அண்ணி பேரு ஒரு புத்தகத்துல வரட்டும்."

"நீங்கதானே சரியாச் சொன்னது?"

"நான் பத்துல மூணு சரியாச் சொல்லுவேன், அதுல இது ஒண்ணு. அதுக்காக அவ போட்டோவை இறக்கணுமா? உனக்கு உங்கம்மா மேல என்னடி கோபம்?"

"கோபம் இல்லை. அவங்க சொல்லணும்னு நினைச்சாங்க."

"சொல்லலையே."

"சொல்ல முடியலை."

அத்தை குரலை இறக்கிச் சொன்னாள்: "சொல்லியே தீருவேன்னா இப்படிச் சொல்லு. அப்போ அவளுக்குக் கண்ணுல புரை, சரியாத் தெரியலைன்னு. யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க. கௌரவமாப் போயிடும்."

நல்ல யோசனைதான். மகளுக்கு அது பிடித்திருந்தது. படிக்கட்டு இறங்கும்போதும் அதைத்தான் நினைத்துக்கொண்டு இறங்கினாள். புரை. ஒரே ஒரு சொல். எல்லாம் சமன் ஆகிவிடும்.

"கூட்டத்துக்கு வருவீங்களா அத்தை?" என்று கீழேயிருந்து கேட்டாள்.

"மாட்டேன்" என்று மூன்று மாடிக்கும் கேட்கும்படி பதில் வந்தது.

கூட்டத்தன்று நாற்காலிகள் நிறைந்திருந்தன. அம்மாவின் இரண்டு படங்களையும் சுவரிலிருந்து எடுத்து முன்மேஜையில் நிறுத்தியிருந்தார்கள். காப்பாளர் பேசினார். அம்மாவின் கூர்மை, பொறுமை, இந்த ஊருக்கு மொட்டைத் தாவியைக் கண்டு கொடுத்தது. பொறுமை என்றபோது மகளுக்குச் சிரிப்பு வந்தது. அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்த, கூட்டத்துக்குத் தவறாமல் வரும் பல் டாக்டர் அந்த முழங்காலை இரண்டு முறை பார்த்தார். எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. காற்று வேண்டும்போல் இருந்தது. பின்னால் கதவு திறக்கும் சத்தம். யாரோ மூச்சு வாங்கிக்கொண்டு பின்வரிசையில் உட்கார்ந்து, "தள்ளி உக்காருங்க சார், பஸ்ஸா இருந்தா இதுல மூணு பேர் உக்காரலாம்" என்றார்கள். திரும்பிப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை.

குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை என்றார் காப்பாளர்.

மகள் எழுந்தாள். இரண்டாவது படத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இந்த நிழலுக்குள்ள ஒரு தனிப் புள்ளி இருக்கு. மறுபக்க இறக்கையிலயும் அதே இடத்துல இருக்கு, அந்தப் படமும் கொண்டுவந்திருக்கேன். அதனால இது மொட்டைத் தாவி இல்லை. கோட்டுத் தாவியோட பெண். இந்த ஊர்ல முதல் முறையும் இல்லை. இது எங்கம்மாவே கண்டுபிடிச்சு எங்கிட்ட சொன்னது. இங்கே வந்து சொல்றதா இருந்தாங்க."

பல் டாக்டர்தான் முதலில் சுதாரித்தார். இரக்கமான குரல். "வயசாயிடுச்சு இல்லையா, பாவம். கண்ணு மங்கியிருக்கும்."

இதோ, கேட்காமலே வந்துவிட்டது. ஆமாம் என்றால் போதும். மகள் வாயைத் திறந்தாள். ஸ்டூல் மேலிருந்து விழுந்த அந்த நான்கு வார்த்தைகளைத் தவிர உள்ளே வேறு எதுவும் இல்லை.

"கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள். "பார்க்கலை. கோடு இல்லைன்னதும் முடிவு பண்ணிட்டாங்க. எங்க அத்தை அன்னிக்கே பார்க்கச் சொன்னாங்க. அவங்களை டிக்கெட் கிழிக்கிற கண்ணுன்னு சொன்னது தப்பு. அதையும் எங்கம்மா சார்பா வாபஸ் வாங்கறேன்."

"கிழிக்கிறது இல்லை" என்று பின்வரிசை சொன்னது. "குத்துறது. நாங்க டிக்கெட்டைக் குத்துவோம். அது கூடத் தெரியாமத்தான் திட்டினா."

யாரோ சிரித்தார்கள், பிறகு எல்லாரும். சிரிப்பு அடங்கியதும் அத்தை அழுகிற சத்தம் மட்டும் மிஞ்சியது. அதுவும் கண்டக்டர் குரலில்தான் இருந்தது.

காப்பாளர் சீட்டைக் கழற்றினார். எல்லாரிடமும் ஒருமுறை மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். "படம் சுவரிலயே இருக்கட்டும். பெண் கோட்டுத் தாவிக்கு இவ்வளவு நல்ல படம் நம்மகிட்ட இல்லை. அம்மா பேரும் இருக்கட்டும். ஆனா அட்டைக்கு..." என்று இழுத்தார்.

"வேற படம் பாருங்க" என்றாள் மகள். சொல்லிவிட்டுக் கீழே இறங்கித் தெருவில் நின்றாள். வலித்தது. பாரம் இறங்கினால் லேசாக இருக்கும் என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. கால் மட்டும் ஆடுவது நின்றிருந்தது.

மறுநாள் காலை அத்தை போன் செய்து, "குழாய் மேட்டுக்கு வர்றியா? அங்கே மொட்டை உண்மையிலேயே இருக்கா இல்லையான்னு இன்னும் யாரும் பார்க்கலையே" என்றாள். போனார்கள். வெயில் ஏற ஏறத் தாவிகள் கிளம்பின. அத்தை ஒவ்வொன்றையும் பார்த்து மொட்டை என்றாள். ஒவ்வொன்றிலும் தனிப் புள்ளி இருந்தது.

நீரேற்று நிலையத்தின் காவலாளி வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "அந்த அம்மாவோட ஆளுங்களா நீங்க? எங்கே அவங்க, கொஞ்ச நாளாக் காணோம்? நான் இங்கே வேலைக்கு வந்த புதுசுல எப்பவாவதுதான் வருவாங்க. கடைசியில தினமும் வந்து இதே இடத்துல மண்டி போட்டுக்கிட்டிருந்தாங்க. என்னம்மா தேடறீங்கன்னா, ஒரு தப்பைத் தேடறேன்னாங்க."

அத்தை குனிந்து, அவர் காட்டிய இடத்துப் புல்லைப் பார்த்தாள்.

"இறந்துட்டாங்க" என்றாள் மகள்.

அவர் தொப்பியைக் கழற்றினார். கையில் வைத்துக்கொண்டு நின்றார். போக மனமில்லாமல், கேட்கவும் கூசி, வேலிக்கம்பியைத் தடவினார். நிலையத்தின் பக்கமிருந்து ஒரு நாயும் அதன் பின்னால் உருண்டுகொண்டு மூன்று குட்டிகளும் வந்தன.

"இதுங்களோட என்னை வெச்சு ஒரு போட்டோ எடுத்தாங்க. கொண்டாந்து தர்றேன்னாங்க. எம் பொண்ணு வெளியூர்ல இருக்கா, குட்டிகளைக் காட்டு காட்டுன்னு கேட்டுக்கிட்டிருக்கா. பரவாயில்லை விடுங்க, இந்த நேரத்துல போய் நான் இதைக் கேட்டுக்கிட்டு."

கேமரா வீட்டில், அம்மாவின் பைக்குள் இருந்தது. அதை இன்னும் யாரும் திறக்கவில்லை. படம் அதில் இருக்கிறதா, அம்மா ஒழித்ததில் போய்விட்டதா என்று மகளுக்குத் தெரியாது.

"போட்டோவைச் சின்னதாப் போடச் சொன்னீங்களா, பெரிசாவா?" என்று கேட்டாள்.

"நான் ஒண்ணும் சொல்லலைம்மா. அவங்கதான் பெரிசாப் போட்டுத் தர்றேன்னாங்க."